கிராம சபைத் தீர்மானம் டெல்லி வரை போகுமா?

“தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது? நோட்டில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்.” கிராம சபைக்கு வரச் சொன்னால் பல ஊர்களில் விவசாயிகள் சொல்லும் பதில் இதுதான். பெரும்பாலான தீர்மானங்களுக்கு அந்தக் கதி நேர்கிறது என்பதும் உண்மை. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் ஊராட்சிகளில் எழுதப்பட்ட தீர்மானங்கள் மத்திய அரசின் முடிவுகளை மாற்றவும் உதவியிருக்கின்றன. எந்தத் தீர்மானம் எடுபட்டது, ஏன் எடுபட்டது என்று பார்த்தால் அடுத்த கிராம சபைக்கு நாம் எப்படித் தயாராக வேண்டும் என்பது தெரியும்.

சட்டத்தில் கிராம சபையின் இடம்

1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசமைப்புச் சட்டத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் தந்தது. அடுத்த ஆண்டு வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட வேண்டும்.

இந்தச் சபைக்கு உள்ளூர் வேலைகளில் அதிகாரம் உண்டு. பயனாளிகள் பட்டியலை ஏற்பது, வரவு செலவைக் கேட்பது, வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது எல்லாம் அதன் வேலை. ஆனால் கனிமம், பெட்ரோலியம், நிலக்கரி, நெல் கொள்முதல் விதிமுறை போன்றவற்றில் முடிவெடுப்பது மத்திய அரசு. அந்த விஷயங்களில் கிராம சபை ‘வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டால், அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை.

சில இடங்களில் மட்டும் சட்டம் கிராம சபைக்குப் பல் கொடுத்திருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டத்தில், 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் மலைவாழ் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊர்களும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. வன உரிமைச் சட்டம் பொருந்தாத நம் சமவெளிக் கிராமங்களுக்கு அந்தப் பல் கிடையாது. அப்படியானால் நம் தீர்மானம் எதை வைத்து எடுபடும்? அதற்கு மேலூர் ஒரு பதில் வைத்திருக்கிறது.

அரிட்டாபட்டியில் நடந்தது

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பை மத்திய சுரங்க அமைச்சகம் ஏலம் விட்டது. 2023-ல் கனிமச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்திருந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏலத்தின் முடிவு நவம்பர் 7-ல் வெளியானது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாகியிருந்தது. தங்கள் ஊரும் அந்த 5,000 ஏக்கருக்குள் வருகிறது என்பது அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளபட்டி சுற்றுவட்டார மக்களில் பெரும்பாலானோருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 1-ல் நடக்க வேண்டிய கிராம சபை அந்த ஆண்டு நவம்பர் 23-க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று மேலூர் வட்டார ஊராட்சிகள் பலவற்றில் டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு அடுத்தடுத்து நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24-ல் சுரங்க அமைச்சகம், அந்தப் பகுதியில் பல்லுயிர் பாரம்பரியத் தலம் இருப்பதாக மனுக்கள் வந்திருப்பதைக் குறிப்பிட்டு, தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டுக்கொண்டது. அதுவரை நிறுவனத்துக்கு மேற்கொண்டு கடிதம் எதுவும் கொடுக்க வேண்டாம் என மாநில அரசிடமும் கூறியது.

ஒரு பகுதியை மட்டும் விலக்கினால் போதாது, முழுவதும் ரத்தாக வேண்டும் என்று ஊர்கள் உறுதியாக நின்றன. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றார்கள். ஜனவரி 22-ல் ஊர் அம்பலகாரர்கள் டெல்லியில் சுரங்கத் துறை அமைச்சரைச் சந்தித்தார்கள். மறுநாள், ஜனவரி 23-ல், ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

கைகொடுத்தது பழைய ஆவணம்

ஊர் ஒற்றுமை, பேரணி, எல்லாக் கட்சிகளின் ஆதரவு என இந்த வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விவசாயிகளும் விரிவாக்க அலுவலர்களும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் டிசம்பர் 24-ம் தேதி அறிவிப்பு. மத்திய அமைச்சகம் முதன்முதலாகப் பின்வாங்கியது அப்போதுதான். அதற்கு அது சொன்ன காரணம் ஓர் ஆவணம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்திருந்தது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-ன் 37-வது பிரிவின் கீழ், உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து செய்யப்படும் அறிவிப்பு அது. அங்கே ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை நீரூற்றுகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், சமணர் படுகைகள் இருப்பதாக அரசே கணக்கெடுத்து எழுதி வைத்திருந்தது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஏலத் தொகுதியின் மொத்தப் பரப்பில் இந்தத் தலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த ஒரு பங்கே மீதி ஒன்பது பங்குக்கும் வேலியாக நின்றது. ‘எங்கள் ஊர் வளமான ஊர்’ என்று ஆயிரம் பேர் சொல்வதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு அரசு கடந்து போகலாம். அரசின் சொந்த அரசாணையில் இத்தனை ஊற்றுகள், இத்தனை ஏரிகள் என்று எண்ணிக்கையோடு இருப்பதை அப்படிக் கடந்து போக முடியாது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2023 அக்டோபரிலேயே ஏலம் வேண்டாம் என்று கடிதம் எழுதியதாக மாநில அரசு கூறியது. 2024 பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஏலம் நடந்த காலத்தில் எந்த எதிர்ப்பும் வரவில்லை என்று சுரங்க அமைச்சகம் கூறியது. இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒன்பது மாதங்களில் கிராம சபை நாட்களும் வந்துபோயின. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுக்கான தீர்மான நோட்டில் டங்ஸ்டன் என்ற சொல் ஏறியிருந்தால் ‘எதிர்ப்பு வரவில்லை’ என்று சொல்ல இடமே இருந்திருக்காது. ஊருக்குத் தகவல் வந்து சேராததுதான் குறை. தகவல் ஊருக்கு வரும் வழியை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

டெல்டா போட்ட படிக்கட்டு

காவிரி டெல்டாவின் அனுபவம் இதைவிட நீளமானது. 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 எண்ணெய், எரிவாயு வயல்களில் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே அங்கு போராட்டம் தொடங்கியது. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அந்த மாதம் 26-ல் நடந்த கிராம சபைகளில் டெல்டா ஊராட்சிகள் பலவும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன.

நான்கே வாரத்தில், பிப்ரவரி 20-ல், தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதில் சேர்ந்தன. 2023-ல் மயிலாடுதுறையும் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே இயங்கிவரும் கிணறுகளை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்ற குறை உண்டு. இருந்தாலும் புதியவற்றுக்கு அது ஒரு கதவடைப்பு.

அந்தச் சட்டம் 2023-ல் பயன்பட்டது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளை மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, மாநில அரசு வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரல் 5-ல் பேரவையில் பேசப்பட்டது. ஏப்ரல் 8-ல் மூன்று தொகுதிகளும் விலக்கப்படும் என மத்திய அமைச்சர் அறிவித்தார். ஊராட்சித் தீர்மானம் மாநிலச் சட்டத்துக்கு வலுச் சேர்த்தது. மாநிலச் சட்டம் மத்திய அரசிடம் பேசும் ஆயுதமானது. ஊராட்சியின் குரல் டெல்லிக்கு ஏறும் படிக்கட்டு இதுதான். ஒரே தாவலில் யாரும் அங்கே போவதில்லை.

‘வேண்டாம்’ மட்டுமல்ல, ‘வேண்டும்’ என்றும் கேட்கலாம்

மத்திய அரசின் கொள்கை என்றால் சுரங்கம் மட்டும் அல்ல. நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பது டெல்லியில் முடிவாகும் விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் டெல்டா விவசாயி அந்த வரம்பைத் தொடவே முடியாது. 2022 அக்டோபரில் அது 19 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 சதவீதமானது. ஒவ்வொரு முறையும் மாநில அரசு கோரிக்கை அனுப்பி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வு முடிந்த பிறகே தளர்வு கிடைக்கிறது. அதற்குள் களத்தில் குவித்த நெல் முளைத்துவிடுகிறது.

எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது, எத்தனை ஏக்கர் சாய்ந்தது, கொள்முதல் நிலையத்தில் அளந்த ஈரப்பதம் எவ்வளவு, எத்தனை மூட்டை திருப்பி அனுப்பப்பட்டது என்று ஐந்து ஆண்டுகளுக்கான கணக்கை ஓர் ஊராட்சி தன் தீர்மானத்தில் எழுதினால் அது பலம். நூறு ஊராட்சிகள் அதே படிவத்தில் எழுதினால், ஆண்டுதோறும் கையேந்தும் தளர்வுக்குப் பதிலாக டெல்டாவுக்கு நிரந்தரமான விதி கேட்பதற்கு அடிப்படை கிடைத்துவிடும்.

இப்போது ஏன் அவசரம்?

இரண்டு மாற்றங்களை எல்லா ஊர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 2025 செப்டம்பர் 8-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டனும் இதில் அடங்கும். நாட்டின் பாதுகாப்புக்கும் தொழில்துறைக்கும் இந்தக் கனிமங்கள் தேவை என்பது மத்திய அரசின் வாதம். அந்தத் தேவையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்பாக, ஆட்சியர் முன்னிலையில் விவசாயி எழுந்து நின்று தன் கிணற்றைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் பேசி, அது பதிவாகும் ஒரே அரங்கு அந்தக் கூட்டம்தான். அது இல்லாதபோது, ஊர் மக்கள் கூடிப் பேசியது அதிகாரப்பூர்வமாகப் பதிவாகும் இடமாகக் கிராம சபை மட்டுமே மிஞ்சுகிறது.

இரண்டாவது, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் பொறுப்பில் போனது. தலைவர் இல்லையே, யாரிடம் சொல்வது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்தான் ஐந்து ஆண்டுக் காலம். வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்த கிராம சபைக்கு அப்படிக் காலவரையறை எதுவும் கிடையாது. தனி அலுவலர் காலத்திலும் சபை கூட வேண்டும், தீர்மானம் எழுதப்பட வேண்டும்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

பல ஊர்களில் தீர்மானம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. ‘இத்திட்டத்தை இக்கிராம சபை கண்டிக்கிறது’ என்ற வரியால் உணர்வு தெரியும், விவரம் தெரியாது. அதைப் படிக்கும் டெல்லி அதிகாரிக்கு உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கீழ்க்கண்டவை தீர்மானத்தில் இருக்கட்டும்.

1. திட்டத்தின் சரியான பெயர், அறிவிப்பின் தேதி, பாதிக்கப்படும் புல எண்கள்.

2. அடங்கலில் உள்ளபடி பயிர்வாரிச் சாகுபடிப் பரப்பு, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு.

3. கண்மாய், ஏரி, குளம், ஊருணிகளின் பெயர், ஒவ்வொன்றின் ஆயக்கட்டு. எந்தக் குன்றின் நீர் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்கு வருகிறது, அது நிறைந்து கலுங்கு வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்ற வரிசை. நீர்ப்பிடிப்பில் கை வைத்தால் கீழே உள்ள கண்மாய்கள் அடுத்தடுத்து வறண்டுவிடும் என்பதை இந்த வரிசைதான் வெளியாருக்குப் புரியவைக்கும்.

4. பாசனக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கை, கோடையிலும் மழைக்குப் பிறகும் நீர்மட்டம். திறந்தவெளிச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் சுற்றுக் கிணறுகளின் மட்டம் முக்கியமான சான்று.

5. கால்நடை எண்ணிக்கை, மேய்ச்சல் நிலம், குத்தகைதாரர்கள், விவசாயக் கூலிகள் எத்தனை குடும்பம். பட்டா இல்லாதவர்கள் கணக்கில் வராமல் போவது இங்கேதான்.

6. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உள்ள விவரம். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஊரில் அந்தக் குழு பெயரளவில் மட்டும் இருந்தால் இப்போதே உயிர் கொடுங்கள்.

7. கோரிக்கை என்ன, யாரிடம் கேட்கிறோம் என்ற தெளிவான கடைசி வரி.

கூட்டத்துக்கான அறிவிப்பு 7 நாட்களுக்கு முன்பே வர வேண்டும். குறைவெண் வரம்பும் முக்கியம். 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் குறைந்தால், பிறகு நீதிமன்றத்திலோ அமைச்சகத்திலோ ‘சபையே செல்லாது’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். தீர்மானம் எழுதி முடித்த பிறகு அதை வாசிக்கக் கேட்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போடும் பழக்கம் வேண்டாம்.

எழுதிய பிறகு எங்கே அனுப்புவது?

தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், சம்பந்தப்பட்ட மாநிலத் துறைச் செயலர், மத்திய அமைச்சகம், தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் என ஐந்து இடங்களுக்கும் விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தச் சான்றுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். ‘எதிர்ப்பு வரவில்லை’ என்ற பேச்சு எழும் நாளில் அந்தக் கோப்புதான் பதில் சொல்லும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் தீர்மானத்தைக் கொடுக்கும்போது, அதை வைத்து அவையில் கேள்வி எழுப்புமாறு கேளுங்கள். அமைச்சர் தரும் பதில் அவைக்குறிப்பில் பதிவாகிவிடும்.

அறிவிப்புகளைக் கண்காணிப்பதும் ஒரு வேலை. கனிம ஏல அறிவிப்புகள் சுரங்க அமைச்சகத்தின் இணையதளத்திலும், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பரிவேஷ் தளத்திலும் வெளியாகின்றன. ஊரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஊழியர் ஒரு திட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ பேச வேண்டியதில்லை. ஆனால் கேட்கும் ஊராட்சிக்குப் பயிர்ப் பரப்பு, மழையளவு, மண் ஆய்வு முடிவு ஆகியவற்றைச் சரியாக எடுத்துக் கொடுப்பது உங்கள் அன்றாட வேலைதான். நீங்கள் பயிர்ப் பரப்புக் கணக்கில் ‘தரிசு’ என்று எழுதும் ஒரு சொல், நாளை அந்த நிலத்தைச் சுரங்கத்துக்கு எளிதாகக் காட்டிக் கொடுக்கும். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

அரிட்டாபட்டியின் ஊற்றுகள் ஏல முடிவு வெளியாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எண்ணப்பட்டிருந்தன. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை, அதன் கீழ் எத்தனை ஏக்கர் என்பது தீர்மான நோட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த கிராம சபையின் முதல் பொருளாக அதையே வையுங்கள். திட்டம் எதுவும் வராவிட்டாலும், தூர்வார நிதி கேட்க அந்தக் கணக்கு உதவும்.